பெயர் தெரியாத வருத்தமும் வேலூர்ப் பயணமும்
மருத்துவக் கேள்வி – பதில்

மாதக்கணக்காக உடம்புக்கு ஏலாது, எடுத்த ரிப்போட் எல்லாம் சரி, இனி வெளிநாட்டில்தான் காட்ட வேண்டுமா? இந்த மாதத் தபாலில் பெரும்பங்கு இதே கேள்விதான். அவற்றில் ஐந்தைத் தெரிந்தெடுத்துப் பதில் எழுதுகிறோம்.

கேள்வி: எனக்கு வயது 38, ஆசிரியை. ஒன்றரை வருடமாகக் கை கால் உளைவு, விட்டுவிட்டு வரும் காய்ச்சற்குணம், நின்று படிப்பிக்க முடியாத களைப்பு. நான்கு வைத்தியர்களிடம் சனல் பண்ணிக் காட்டிவிட்டேன். எல்லாம் நோர்மல் என்கிறார்கள். தைப்பொங்கல் கழிய வேலூருக்குப் போக இருக்கிறோம். வீட்டில் ஒரு பை நிறைய ரிப்போட் கிடக்கிறது. எல்லாவற்றையும் கொண்டுபோக வேண்டுமா?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். ஆனால் பையை அப்படியே வைத்தியரின் மேசையில் வைக்காதீர்கள். முதற் சந்திப்பில் உங்களுக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. அந்த நேரம் காகிதம் புரட்டுவதிலேயே போய்விட்டால், உங்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்காமலே அவர் அடுத்த பரிசோதனைக்கு எழுதிவிடுவார். அதனால் கோப்பின் மேலே ஒரேயொரு பக்கம் இருக்க வேண்டும். அதை ஆங்கிலத்தில் எழுதுங்கள். வேலூர் சி.எம்.சி.யில் (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி வைத்தியசாலை) தமிழ் தெரியாத வைத்தியர்களும் பலர் இருக்கிறார்கள்.

அந்தப் பக்கத்தில் வருத்தம் தொடங்கிய ஒழுங்கு இருக்க வேண்டும். "களைப்பு, உளைவு, காய்ச்சல்" என்று பட்டியல் போட்டால் அதிலிருந்து ஒன்றும் பிடிபடாது. இப்படி எழுதிப் பாருங்கள்: "மே மாதம் டெங்கு, 5 நாள் வார்டில். ஜூன் நடுப்பகுதியிலிருந்து மாலையில் 37.8 பாகை வரை காய்ச்சல், வாரத்தில் இரண்டு மூன்று நாள். ஆகஸ்டிலிருந்து இரண்டு கை விரல் மூட்டுகளும் காலையில் விறைப்பு, இளக ஒரு மணித்தியாலம். நவம்பரில் 4 கிலோ நிறை குறைந்தது." காலை விறைப்பு பத்து நிமிடத்தில் இளகுகிறதா, ஒரு மணித்தியாலம் எடுக்கிறதா என்பதே மூட்டுவாத வகை நோயா இல்லையா என்று யோசிக்க வைக்கும். இரத்தப் பரிசோதனையில் தெரியாத விடயம் இது. மூட்டு வீங்கினாலோ தோலில் தடிப்பு வந்தாலோ அந்த நேரமே கைத்தொலைபேசியில் படம் எடுங்கள், பக்கத்தில் ஒரு அடிமட்டத்தை வைத்து. வைத்தியர் பார்க்கும் நாளில் வீக்கம் இருக்காது.

அதற்குக் கீழே இப்போது எடுக்கும் மருந்துகள். கம்பனிப் பெயர் போடாமல் மருந்தின் மூலப்பெயர், மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை தரம் என்று எழுதுங்கள். இங்கே பனடோல் என்றால் எவருக்கும் தெரியும், அங்கே அதே பரசிற்றமோல் டோலோ, குரோசின் என்ற பெயர்களில் விற்கப்படுகிறது. சித்த மருந்து எடுத்திருந்தால் கூச்சப்படாமல் அதையும் எழுதுங்கள். பஸ்பம், செந்தூரம் போன்ற சிலவற்றில் பாதரசம் முதலான உலோகங்கள் உண்டு. நரம்பு விறைப்பு, சிறுநீரகக் கோளாறு என்று தேடுகிற வைத்தியருக்கு அந்தத் தகவல் கட்டாயம் வேண்டும். என்னென்ன மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, குடும்பத்தில் யாருக்குத் தைரொயிட், மூட்டுவாதம், காசநோய் என்பவை கடைசி வரிகள்.

இரத்த ரிப்போட்டுகளைத் திகதி ஒழுங்கில் அடுக்குங்கள். அதோடு ஒரு தாளில் கோடு கீறி, இடப்பக்கம் பரிசோதனையின் பெயர், மேலே திகதிகள், உள்ளே எண்கள் என்று நிரப்புங்கள். ஹீமோகுளோபின் 13.1, 12.4, 11.8 என்று இறங்கி வந்தால், ஒவ்வொரு தாளிலும் அது "நோர்மல்" அல்லது "சற்றுக் குறைவு" என்றுதான் இருக்கும். மூன்றையும் ஒரே வரியில் பார்த்தால்தான் சறுக்கல் தெரியும். எண்ணோடு அலகையும் எழுதத் தவறாதீர்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினின் ஓரிடத்தில் 1.0 மில்லிகிராம் என்று வரும், இன்னோரிடத்தில் 88 மைக்ரோமோல் என்று வரும். இரண்டும் ஒன்றுதான். அலகு இல்லாவிட்டால் பரிசோதனையைத் திரும்ப எடுக்கச் சொல்வார்கள், காசு உங்களுடையது.

ஸ்கான் எடுத்திருந்தால் பிலிம் மட்டும் போதாது. எடுத்த இடத்தில் டைகொம் வடிவிலான (ஸ்கான் படங்களைக் கணினியில் திறந்து பார்க்கும் கோப்பு) முழுப் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். சீடியில் தந்தால் பென்டிரைவிலும் ஒரு பிரதி போட்டு வையுங்கள். திசு வெட்டிப் பரிசோதித்திருந்தால் (பயொப்சி) மெழுகுக் கட்டியையும் கண்ணாடிச் சிலைட்டையும் எழுத்தில் விண்ணப்பித்துப் பெறலாம். அங்குள்ளவர்கள் அதையே திரும்ப வெட்டிப் பார்ப்பார்கள், உங்களைத் திரும்ப வெட்டத் தேவை வராது. மெழுகுக் கட்டி கைப்பையில் வரவேண்டும். வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் விட்டுவிட வேண்டாம். வார்டில் இருந்த காலத்துக்கு டயக்னோசிஸ் கார்ட் தொலைந்திருந்தால், அனுமதித்த திகதியையும் கட்டில் தலைச்சீட்டு இலக்கத்தையும் கொண்டு வைத்தியசாலையின் பதிவேட்டு அறையில் பிரதி கேட்கலாம். இதற்கு நாட்கள் எடுக்கும், மார்கழியிலேயே தொடங்குங்கள்.

எங்கள் ஆட்கள் அதிகம் மாட்டுப்படுவது பெயரில். கிளினிக் கொப்பியில் முதலெழுத்தும் வீட்டுப் பெயரும், கடவுச்சீட்டில் தகப்பனார் பெயர் முன்னே, ஆய்வுகூட ரிப்போட்டில் வேறு எழுத்துக்கூட்டல். அங்கே எல்லாம் கடவுச்சீட்டுப் பெயரிலேயே பதிவாகும். இங்குள்ள வைத்திய நிபுணரிடம் கேட்டு வாங்கும் கடிதத்தில் கடவுச்சீட்டில் உள்ளபடி முழுப்பெயரும் அதன் இலக்கமும் இருக்கட்டும். மற்றப் பெயரையும் அடைப்பில் போடச் சொல்லுங்கள்.

விசா மருத்துவ விசாவாக இருக்க வேண்டும். அதற்கு அங்குள்ள வைத்தியசாலையின் கடிதம் தேவை. வெளிநாட்டு நோயாளர் பிரிவுக்கு நேரடியாக எழுதினால் அதைப் பெறலாம், தரகர் தேவையில்லை. கூடப் போகிறவர்கள் நோயாளியின் உதவியாளர் விசாவில் வரலாம், இருவருக்கு அனுமதி உண்டு. லொட்ஜில் இறங்கியதும் உங்கள் விபரத்தை அவர்கள் 24 மணித்தியாலத்துக்குள் வெளிநாட்டவருக்கான படிவத்தில் (முன்பு "சி" படிவம் எனப்பட்டது) பதிய வேண்டும். பதிந்தார்களா என்று கேட்டு, அதன் பிரதியை வாங்கி வையுங்கள். பலாலியிலிருந்து சென்னைக்கு விமானத்தில் போய், அங்கிருந்து ரயிலில் காட்பாடியில் இறங்குவது உடம்புக்கு ஏலாதவருக்கு இலகு. காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினம் போகும் கப்பலை நம்பித் திகதி போடுகிறவர்கள், மாரியில் கடல் கொந்தளித்தால் சேவை நிற்கும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். திரும்பும் ரிக்கற்றை நெருக்கிப் போடாதீர்கள். பயொப்சி, கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) முடிவுகளுக்கு ஒரு வாரம், இரண்டு வாரம் கூடச் செல்லும். முடிவு வர முன் திரும்பி வந்துவிட்டால் அந்தப் பயணத்தின் பாதி வீண்.

கடைசியாக, போக முன் உள்ள இரண்டு மாதத்தில் செய்யக்கூடாதவை. "சத்து ஊசி" என்று பி12 ஊசி போட்டுக்கொண்டு போனால் அங்கே எடுக்கும் பி12 அளவு ஏறித்தான் காட்டும், குறைபாடு இருந்ததா என்பது மறைந்துவிடும். தலைமயிர் கொட்டுவதற்கு எடுக்கும் பயோட்டின் குளிசை தைரொயிட் பரிசோதனையைப் பிழையாகக் காட்டும், இரண்டு நாளுக்கு முன் நிறுத்துங்கள். கோதுமை ஒத்துக்கொள்ளவில்லையோ என்று பாணையும் கோதுமைமாப் பிட்டையும் நிறுத்தியிருந்தால், சீலியாக் நோய்க்கான பரிசோதனையில் ஒன்றும் பிடிபடாது. அந்தப் பரிசோதனைக்கு ஆறு வாரமாவது நாளாந்தம் கோதுமை சாப்பிட்டிருக்க வேண்டும்.

கேள்வி: என் கணவர் வயல் செய்கிறவர், 54 வயது, நீரிழிவு உண்டு. இரண்டு மாதமாகப் பின்னேரக் காய்ச்சல், இரவில் வியர்வை, நன்றாக மெலிந்துவிட்டார். மூன்று விதமான அன்ரிபயோட்டிக் எடுத்தார். பிறகு ஒருவர் தந்த பிரட்னிசலோன் குளிசையில் இரண்டு நாளிலேயே நல்ல சுகம். சென்னைக்குப் போகும்வரை அதையே கொடுக்கலாமா?
– வாசகி, கரவெட்டி

பதில்: இந்த வாசகிக்குத் தபாலில் முன்னரே பதில் அனுப்பிவிட்டோம். மற்றவர்களுக்காகவும் இங்கே எழுதுகிறோம்: சென்னைப் பயணத்தைத் தள்ளி வையுங்கள். இவர் இந்தக் கிழமையே யாழ் போதனா வைத்தியசாலையின் மருத்துவ வார்டில் இருக்க வேண்டியவர்.

பிரட்னிசலோன் ஸ்டீரொயிட் வகை மருந்து. காய்ச்சலையும் உளைவையும் எந்தக் காரணத்தால் வந்தாலும் அமத்தும். காசநோய் என்றால், உள்ளே கிருமி பரவிக்கொண்டிருக்கும், வெளியே ஆள் சுகமாக இருப்பார். நிணநீர்ப் புற்றுநோய் என்றால் கட்டி சுருங்கி, பயொப்சியில் விடை வராமல் போகும். நீரிழிவுக்காரருக்குச் சீனி தாறுமாறாக ஏறும். அதற்காக இன்றே குளிசையைத் தூக்கி எறியவும் கூடாது. மூன்று வாரத்துக்கு மேல் எடுத்தவருக்கு உடம்பு தானாகச் சுரக்கும் கோர்ட்டிசோல் குறைந்திருக்கும். திடீரென நிறுத்தினால் வாந்தி, பிறசர் இறக்கம், மயக்கம், உயிராபத்து வரை போகும். எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள் என்று எழுதிக்கொண்டு போங்கள். குறைப்பதை வார்டில் அவர்கள் செய்வார்கள்.

வயல், நீரிழிவு, நீண்ட காய்ச்சல் மூன்றும் ஒருவரில் சேர்ந்தால் மெலியோயிடோசிஸ் என்ற நோயையும் நினைக்க வேண்டும். சேற்று மண்ணிலும் நீரிலும் வாழும் பற்றீரியாவால் வருவது, இலங்கையில் உள்ள நோய். இரத்தம், சீழ், சளி ஆகியவற்றைக் கல்ச்சர் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். வழமையான கல்ச்சரில் இந்தக் கிருமி வளர்ந்தாலும் வேறு சாதாரண கிருமி என்று ஒதுக்கப்படக் கூடும். "வயல் செய்கிறவர், நீரிழிவு உள்ளவர், மெலியோயிடோசிஸ் சந்தேகம்" என்று ஆய்வுகூடத் துண்டில் எழுதப்பட்டிருந்தால் அங்கே அந்தக் கண்ணோடு பார்ப்பார்கள். எனவே வைத்தியரிடம் தொழிலை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். மாடு வளர்த்தால், பச்சைப் பால் குடித்தால் அதையும் சொல்லுங்கள். மெலியோயிடோசிஸ் என்று உறுதியானால் குறைந்தது பத்து நாள் நாளத்தில் ஊசி மருந்து, அதன்பின் மூன்று மாதமாவது குளிசை. இடையில் நிறுத்தினால் திரும்ப வரும்.

கல்ச்சருக்கு இரத்தம் எடுக்க முன் இன்னொரு அன்ரிபயோட்டிக்கைத் தொடங்க வேண்டாம். பார்மசியில் கேட்டு வாங்கும் இரண்டு நாள் மருந்து கிருமியைக் கொல்லவும் போதாது, கல்ச்சரில் வளர விடவும் மாட்டாது. ஆனால் மூச்சுத்திணறல், மயக்கம், சிறுநீர் குறைதல் வந்தால் எதற்கும் காத்திருக்காமல் 1990 இலக்கத்துக்கு எடுத்து சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: மகளுக்கு 20 வயது. எழும்பி நின்றால் நெஞ்சிடிப்பு, தலைச்சுற்று, கண் இருட்டு. நல்லூர்த் திருவிழாவில் இரண்டு தரம் விழுந்துவிட்டாள். ஈ.சி.ஜி. சரி. கொழும்பில் ஒரு பரிசோதனை இருக்கிறதாம், இந்தியாவில் இன்னும் நல்லது என்கிறார்கள். எது சரி?
– வாசகர், கொக்குவில்

பதில்: முதலில் வீட்டிலேயே செய்யக்கூடிய ஒன்றைச் செய்யுங்கள். கையின் மேற்பகுதியில் கட்டும் பிறசர் மெசின் வேண்டும், மணிக்கட்டில் கட்டுவது இதற்கு உதவாது. காலையில், தேநீர் குடிக்க முதல், மகளைப் பத்து நிமிடம் பேசாமல் படுக்க விட்டு பிறசரையும் நாடித்துடிப்பையும் இரண்டு தரம் எடுங்கள். பிறகு எழும்பி அசையாமல் நிற்க வேண்டும். சுவரில் சாயவோ காலை மாற்றி மாற்றி ஊன்றவோ கூடாது. 1, 3, 5, 10 ஆவது நிமிடங்களில் திரும்ப எடுத்து எழுதுங்கள். அளக்கும்போது அவளுடைய கையை நீங்கள் நெஞ்சு மட்டத்தில் தாங்கிப் பிடிக்க வேண்டும். கை தொங்கினால் எண் கூடிக் காட்டும். சட்டைக் கைக்கு மேல் கட்டினாலும் பிழை வரும். பின்னால் கதிரை, பக்கத்தில் ஆள். கண் இருட்டினால் உடனே இருத்திவிடுங்கள். மூன்று வெவ்வேறு நாட்களில் செய்யுங்கள்.

நின்று பத்து நிமிடத்துக்குள் நாடித்துடிப்பு 30 அல்லது அதற்கு மேல் கூடி (12 முதல் 19 வயதுவரை 40), பிறசர் பெரிதாக இறங்காமல், இந்த நிலை மூன்று மாதமாக நீடித்தால் போட்ஸ் எனப்படும் நிலையை வைத்தியர் யோசிப்பார். மேல் பிறசர் 20 இறங்கினாலோ கீழ்ப் பிறசர் 10 இறங்கினாலோ அது வேறு கணக்கு. இரண்டுக்கும் முன்னர் பார்த்து ஒதுக்க வேண்டியவை உண்டு: இரத்தச்சோகை, இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிற்றின், தைரொயிட், நீர்ச்சத்துக் குறைவு, எடுக்கும் மருந்துகள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் பெரிற்றின் குறைந்த பிள்ளைகள் அதிகம். மாதவிடாய் அதிகம் போகிறதா என்று தாய் தனியாகக் கேட்க வேண்டும்.

நீங்கள் கேள்விப்பட்ட சாய்மேசைப் பரிசோதனை, இதையே கட்டிலோடு சாய்த்துச் செய்வது. நீங்கள் எழுதிய எண்களும் நரம்பியல் அல்லது இதய நோய் நிபுணரின் பரிசோதனையும் போதுமானவையாக இருந்தால் அது தேவைப்படாமலும் போகலாம். அதற்காக மட்டும் இந்தியாவுக்கு ரிக்கற் எடுக்க வேண்டாம். ஓடும்போதோ விளையாடும்போதோ விழுந்தால், அல்லது குடும்பத்தில் இளவயதில் திடீரென இறந்தவர் இருந்தால் கதை வேறு. அப்போது இதய நிபுணரிடம் எக்கோவும் நீண்ட நேர ஈ.சி.ஜி.யும் தாமதமின்றி எடுக்க வேண்டும்.

இதற்கிடையில்: காலையில் கட்டிலை விட்டு எழும்ப முன் அரை லீற்றர் தண்ணீர், நாள் முழுக்க இரண்டு முதல் மூன்று லீற்றர். உப்பைக் கூட்டுவது உதவும், ஆனால் பிறசரும் சிறுநீரகமும் சரி என்று வைத்தியர் சொன்ன பிறகு. கிணற்றடியில் நின்று குளிக்காமல் ஸ்டூலில் இருந்து குளிக்கட்டும், சுடுதண்ணீர் வேண்டாம். கோயிலில் நிற்க நேர்ந்தால் காலைக் குறுக்கே வைத்துத் தொடையையும் வயிற்றையும் இறுக்குவது பிறசரைத் தாங்கும். தலைச்சுற்று வருகிறது என்று தெரிந்தவுடன் வீதி மணலிலாவது இருந்துவிடச் சொல்லுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு வைத்தியரும் "மனம்தான் காரணம்" என்கிறார்கள். வீட்டிலும் அப்படியே நினைக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒருநாள் கொஞ்சம் வேலை செய்தால் அடுத்த இரண்டு நாள் கட்டிலில். கனடாவில் உள்ள அண்ணா அங்கே வந்து காட்டச் சொல்கிறார்.
– வாசகி, மானிப்பாய்

பதில்: கனடா விடயத்தை முதலில் முடித்துவிடுவோம். விருந்தினர் விசாவில் போகிறவருக்கு ஒன்ராரியோவின் அரச மருத்துவக் காப்புறுதி கிடையாது. தனியாக எடுக்கும் பயணக் காப்புறுதி திடீர் நோய்க்கும் விபத்துக்கும்தான், ஏற்கெனவே உள்ள வருத்தத்துக்குக் காரணம் தேடும் செலவை அது தராது. இங்கிலாந்திலும் நிலைமை இதற்குக் கிட்டத்தான்: வைத்தியசாலைச் சிகிச்சைக்கு வெளிநாட்டு விருந்தினரிடம் அவர்களின் வழமைக் கட்டணத்தின் 150 வீதம் அறவிடுவார்கள். அண்ணா அந்தக் காசில் கொழும்பிலோ வேலூரிலோ முழுப் பரிசோதனைக்கும் உதவலாம்.

"மனம்தான்" என்று சொன்னால் கோபப்படாமல் வைத்தியரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தெந்த நோய்கள் இல்லையென்று நிச்சயமாகிவிட்டன? எவை இன்னும் மிச்சம்? என்ன அறிகுறி புதிதாக வந்தால் நான் உடனே திரும்பி வரவேண்டும்? இதற்குப் பதில் சொல்கிற வைத்தியரை விடாதீர்கள், ஒரே வைத்தியர் ஆறு மாதம் தொடர்ந்து பார்ப்பது ஆறு வைத்தியர் ஒவ்வொரு தரம் பார்ப்பதைவிட மேல். மனநல வைத்தியர் ஒருவரையும் பாருங்கள். நீண்ட வருத்தத்தோடு மனச்சோர்வும் பதகளிப்பும் சேர்ந்து வருவது வழமை, அதற்கு மருந்து எடுப்பதால் உங்கள் நோவு பொய்யாகிவிடாது.

நீங்கள் எழுதிய கடைசி விடயம் முக்கியமானது. வேலை செய்த அன்று தாக்குப்பிடித்து, 12 முதல் 48 மணித்தியாலம் கழித்து உடம்பு விழுந்துபோவதும், அது ஆறு மாதத்துக்கு மேல் நீடிப்பதும், நித்திரை கொண்டும் களை ஆறாததும் மயல்ஜிக் என்செபலோமயலைட்டிஸ் என்னும் நீண்டகாலக் களைப்பு நோயின் அடையாளங்கள். அதைக் காட்ட இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை, மற்றவற்றை ஒதுக்கி, வரலாற்றை வைத்தே முடிவு செய்வார்கள். ஒவ்வொரு நாளும் உடற்பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போ என்ற பழைய ஆலோசனையை இங்கிலாந்தில் சிகிச்சை முறைகளை வகுக்கும் நைஸ் நிறுவனத்தின் வழிகாட்டி 2021இல் கைவிட்டுவிட்டது. இப்போது சொல்வது, இருக்கும் சக்திக்குள் வேலையைப் பிரிப்பது. தேங்காய் துருவுவதும் உடுப்புத் தோய்ப்பதும் ஒரே காலையில் வேண்டாம். அடுப்படியில் உயரமான கதிரை போட்டு இருந்து வெட்டுங்கள். பதினைந்து நிமிட வேலை, அதன்பின் படுத்து ஓய்வு, களைக்க முன்னரே. நல்ல நாளில் எல்லாவற்றையும் செய்து முடிக்கத் தோன்றும், அந்த நாளில்தான் பெரும்பாலானவர்கள் விழுகிறார்கள். இரண்டு வாரம் என்ன செய்தேன், எப்போது விழுந்தேன் என்று மணிநேரத்தோடு எழுதி வீட்டாருக்குக் காட்டுங்கள்.

கேள்வி: சென்னையில் என் வருத்தம் மூட்டுவாதம் என்று கண்டுபிடித்து மெதோட்ரெக்சேட் தந்தார்கள். மூன்று மாத மருந்தோடு வந்துவிட்டேன். இனி என்ன செய்வது?
– வாசகர், பருத்தித்துறை

பதில்: முதலில் மருந்துத் துண்டை எடுத்துப் பாருங்கள். மூட்டுவாதத்துக்கு மெதோட்ரெக்சேட் வாரத்தில் ஒருநாள் மட்டும். தினமும் எடுத்து எலும்பு மச்சை பழுதாகி இறந்தவர்கள் உலகெங்கும் உண்டு. வாரத்தின் எந்த நாள் என்று பெட்டியில் பெரிதாக எழுதுங்கள். மற்றக் குளிசைகளோடு ஒரே டப்பாவில் போடவே வேண்டாம். 2.5 மில்லிகிராம் குளிசையும் 10 மில்லிகிராம் குளிசையும் இரண்டும் உண்டு. இங்கே வாங்கும்போது எண்ணிக்கையைப் பார்க்காமல் மில்லிகிராமைக் கூட்டிப் பாருங்கள். போலிக் அமிலத்தை வைத்தியர் சொன்ன மற்ற நாளில் எடுங்கள். வாய்ப்புண், தொண்டை நோவோடு காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சுத்திணறல் வந்தால் அந்த வாரக் குளிசையை எடுக்காமல் அன்றே வைத்தியரிடம் போங்கள். கோற்றிரைமொக்சசோல் என்ற அன்ரிபயோட்டிக்கை யாராவது எழுதினால், மெதோட்ரெக்சேட் எடுக்கிறேன் என்று சொல்லி மாற்றச் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் இரத்த அணுக்கள் ஆபத்தாக இறங்கும். மதுவைத் தவிருங்கள். குழந்தைக்கு முயல்கிற தம்பதியானால் வைத்தியருக்கு இப்போதே சொல்ல வேண்டும்.

இரத்த அணு எண்ணிக்கை, ஈரல், கிரியற்றினின் ஆகிய மூன்றையும் தொடக்கத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அளவு நிலைத்த பின் மாதத்துக்கு ஒருமுறை எடுப்பார்கள். இதற்குச் சென்னைக்குப் போகத் தேவையில்லை. டிஸ்சார்ஜ் சுருக்கத்தின் பிரதியோடு யாழ் போதனா வைத்தியசாலையின் மூட்டுவாதக் கிளினிக்கில் பதிந்துகொள்ளுங்கள். கொண்டுவந்த மருந்து தீர ஆறு வாரம் இருக்கும்போதே போங்கள். இங்கே கிடைக்காத மருந்து ஏதும் துண்டில் இருந்தால், பதிலாக எது என்று அவர்களும் சென்னை வைத்தியரும் மின்னஞ்சலில் பேசி முடிவுசெய்ய அந்த நேரம் வேண்டும்.